‘எல்லாரும் சுதந்திரமாக் கதைக்கலாம்’ என்ற பொய்

‘எல்லாரும் சுதந்திரமாக் கதைக்கலாம்’ என்று தொடங்குகிற கூட்டத்தில் யார் கதைப்பார் என்பது தொடங்கும்போதே முடிவாகிவிட்டது. தலைவர் கதைப்பார். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆசிரியர் கதைப்பார். கம்பஸ் படிக்கிற அண்ணன் கதைப்பார், அதுவும் மூன்று தடவை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அக்காவைப் பார்த்து, ‘பொம்பளைங்க பக்கமிருந்தும் ஏதாச்சும் சொல்லுங்களேன்’ என்பார்கள். அவர் சிரிப்பார். ‘எல்லாம் சொல்லிட்டாங்களே’ என்பார். வளவாளர் மார்க்கரை மூடிவிட்டுச் சுவரில் ஒட்டிய தாள்களைச் சுருட்டுவார். அறிக்கையில் ‘பெண்களும் இளைஞர்களும் உற்சாகமாகப் பங்குபற்றினர்’ என்று ஒரு வரி வரும். படமும் வரும். படத்துக்கு மட்டும் பெண்களை முன்வரிசைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

மாத்தளை மாவட்டத்தில் இப்படியான கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. செயலமர்வு, கலந்துரையாடல், திட்டமிடல் கூட்டம், ஆலோசனைக் கூட்டம் என்று பேர் மட்டும் மாறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு இந்தக் கூட்டங்களின் கனமும் கூடிவிட்டது. முன்பெல்லாம் மரநடுகைக்கும் சிறுவர் தின விழாவுக்கும் யோசனை கேட்டார்கள். இப்போது கேட்பது வேறு. சரியக்கூடிய மண்ணுக்குக் கீழே இருக்கிற லயத்து ஆட்களை எங்கே கொண்டுபோய் இருத்துவது? புது இடத்துக்குத் தண்ணி எங்கிருந்து வரும்? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள்? பிரட்டுக்கு நேரத்துக்கு எப்படி வந்து சேர்வது? இதற்கெல்லாம் ‘மக்களுடன் சேர்ந்து பிரெயின்ஸ்டோமிங் செய்தோம்’ என்று எழுதப்படும் ஒவ்வொரு தாளும் ஒரு குடும்பம் அடுத்த 50 வருஷம் எங்கே தூங்கும் என்பதைத் தீர்மானிக்கிற தாள். அதனால்தான் இதைப் பற்றிக் கோபமாக எழுதுகிறோம். கூட்டம் நடத்துவது எப்படி என்பது ஏதோ முகாமைத்துவ வகுப்புச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் பின்வரிசையில் ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். ‘மூளைப்புயல்’, ‘சிந்தனைக் கிளறல்’ என்றெல்லாம் தமிழில் ஆக்கிப் பார்த்தார்கள். நம்ம ஊரில் பிரெயின்ஸ்டோமிங் என்றால்தான் விளங்கும். இதைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். பிபிடிஓ என்ற விளம்பரக் கம்பனியின் பேரில் கடைசியில் இருக்கிற ‘ஓ’ அவர்தான். 1953இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் நாலு விதிகள் இருக்கின்றன. யாருடைய யோசனையையும் உடனே விமர்சிக்காதே, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது, கிறுக்குத்தனமான யோசனையும் வரட்டும், மற்றவர் சொன்னதோடு உன்னுடையதைச் சேர். குழுவாக இருந்தால் ஒரு ஆள் தனியாக யோசிப்பதைப்போல் இரண்டு மடங்கு யோசிப்பார் என்றும் அவர் சொன்னார்.

ஐந்தே வருஷத்தில் அது அடிபட்டது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெரி, புளொக் என்ற மூவர் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசிப்பது ஒரு பக்கம். நாலு பேர் தனித்தனியாக யோசித்து, பிறகு அவர்களுடைய பட்டியல்களை ஒன்றுசேர்ப்பது மறுபக்கம். தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்துதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன. ஏன் இப்படி என்பதை 1987இல் டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். முக்கிய காரணம் மிகச் சாதாரணமானது: ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் யோசனை மறந்துபோகும், இல்லாவிட்டால் ‘இதையெல்லாம் சொல்றதா’ என்று உள்ளுக்குள்ளேயே அமுங்கிப்போகும்.

அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்தவை. கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே படிப்பு, ஒரே மொழி. அங்கேயே காத்திருப்பு யோசனைகளைக் கொல்லுகிறது என்றால், துரை ஒருத்தர், கிராம உத்தியோகத்தர் ஒருத்தர், தலைவர் ஒருத்தர், அவர்களிடம் கையெழுத்துக்குப் போகவேண்டிய 30 பேர் என்று நிறைந்த ஒரு தோட்டத்து மண்டபத்தில் எவ்வளவு செத்துப்போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டத்தில் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காலையில் பிரட்டுக்களம். பேர் வாசிப்பார்கள், மலை சொல்வார்கள், ஆட்கள் போவார்கள். அங்கே கேள்வி கிடையாது. ‘இந்த மலையில இன்னைக்குக் கொழுந்து இல்லையே, அந்தப் பக்கம் போனா என்ன’ என்று 20 வருஷம் கொழுந்தெடுத்த ஒரு அம்மாவுக்குத் தெரியும். அதைக் கேட்கிற வழக்கம் பிரட்டுக்களத்தில் இல்லை. கொழுந்தெடுப்பவர்களில் அதிகமானோர் பெண்கள். அவர்களுக்கு மேலே கங்காணியாக நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தொழிற்சங்கம் வந்தது, பல உரிமைகளை வென்றும் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் மேடையில் பேசியவர் ஆண், கீழே உட்கார்ந்து கைதட்டியவர் பெண் என்ற ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. சந்தா மட்டும் இரண்டு பேரிடமும் சரிசமமாக அறவிட்டார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கை நம்ம பாட்டிமார் காலத்திலேயே பார்க்கலாம். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். தொழிலாளர் நிலைமையைச் சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தானே எழுதிப் பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. நீளமான அரசியல் பேச்சு கேட்டுப் பழகாத ஒரு கூட்டத்திடம் போகும்போது, அந்தக் கூட்டம் ஏற்கெனவே வைத்திருந்த வடிவத்தில் அவர் பேசினார். இன்றைக்கு வருகிற வளவாளர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தங்களுக்குப் பழக்கமான வடிவத்துக்குள் சனங்களை வரச்சொல்கிறார்கள். மஞ்சள் நிறத் துண்டுத்தாளில் ‘உங்கள் சவால்களை’ மூன்று சொல்லில் எழுது என்றால், வாழ்நாளில் ‘சவால்’ என்ற சொல்லைச் சண்டைக்கு மட்டுமே பாவித்த ஆள் என்னத்த எழுதுவார்?

மொழி விஷயத்துக்கு வருவோம். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சட்டத்தில் அது உறுதி. மாத்தளையில் கலப்புக் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். அதிகாரி சிங்களத்தில் 15 நிமிஷம் பேசுவார். அதன்பிறகு ஒரு தம்பி எழும்பி, ‘சேர் வந்து தண்ணியப் பத்திச் சொல்றாரு’ என்று சொல்லிவிட்டு உட்காருவார். 15 நிமிஷத்துக்கு ஒரு வரி! இந்தப் பக்கமிருந்து ஒரு அக்கா ஊற்று எங்கே இருக்கிறது, எந்த மாசம் வற்றும், குழாயை யார் வெட்டினது என்று விலாவாரியாகச் சொன்னால், அதுவும் ஒரு வரியாகத்தான் அந்தப் பக்கம் போகும். பிறகு ‘தமிழ் ஆட்கள் பெரிசா ஒண்டும் சொல்லேல்ல’ என்ற எண்ணம் வராமல் வேறென்ன வரும்? தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் கணக்கெழுத வந்தவர், மொழிபெயர்க்க வந்தவர் அல்ல. மொழிபெயர்ப்புக்குக் காசு ஒதுக்காமல், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழியா மீனா என்று அரை மணித்தியாலம் விவாதித்தவர்கள்தான் குற்றவாளிகள்.

தமிழிலேயே நடக்கிற கூட்டத்திலும் இன்னொரு மொழிச் சுவர் இருக்கிறது. ‘நிலைபேறான வாழ்வாதார வலுவூட்டல்’ என்று தாளின் மேலே எழுதியிருந்தால், அது தமிழ் எழுத்தில் இருக்கிற இங்கிலிஷ், அவ்வளவுதான். ‘மாசக் கடைசியில கையில காசு இல்லாமப் போறது எதனால?’ என்று கேட்டுப் பாருங்கள். அறை சத்தமாகிவிடும். கேள்வியை யார் எழுதுகிறாரோ அவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது. ‘உங்கள் தேவைகள் என்ன’ என்று கேட்டால் கழிப்பறை, வீதி, விளையாட்டு மைதானம் என்ற பட்டியல் வரும், ஏனென்றால் அதைத்தான் 30 வருஷமாகக் கேட்கிறார்கள் என்று சனத்துக்குத் தெரியும். ‘மழை பெய்ற ராத்திரியில எந்த எடத்துக்குப் போகப் பயமா இருக்கு?’ என்று கேட்டால் அந்தப் பட்டியலில் இல்லாத பதில் வரும். எந்தப் பாதை, எந்த வாய்க்கால், எந்த வீட்டுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று அளவோடு வரும்.

கூட்டத்தில் யார் கதைக்கிறார் என்பதற்கு முன்னால், யார் வரவே முடியாது என்பது கூட்ட நேரத்திலேயே முடிவாகிறது. கிழமை நாளில் காலை ஒன்பதரைக்கு வைத்தால் கொழுந்தெடுப்பவர்கள் வரவேண்டுமென்றால் ஒரு நாள் பேர் போகும். இறப்பர் வெட்டுகிறவர்கள் விடியமுன்னமே போனவர்கள், மத்தியானத்துக்குப் பிறகுதான் ஆறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் உடுப்புக் கழுவவும் விறகு பொறுக்கவும் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கவும் இருக்கிற ஒரே நாள், பெண்களுக்கு. வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்தால் உக்குவளை, கலேவலைப் பக்கத்து முஸ்லிம் பொடியன்கள் ஜும்மாவை விட்டுவிட்டு வரவேண்டும். மாத்தளை டவுனில் வைத்தால் ரத்தோட்டைக்கு மேலே, எல்கடுவைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்துப் பாதியில் எழும்ப வேண்டும். முக்கிய தீர்மானம் எப்போதும் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் எடுக்கப்படுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மூன்றாம் மாடி மண்டபம் எப்படியிருக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் என்ஜிஓக்களுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் மட்டும் சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள். இளைஞர் அமைப்புகளும் வாசிகசாலை வட்டங்களும் விளையாட்டுக் கழகங்களும் இதில் எவருக்கும் சளைத்தவை அல்ல. ‘எங்கள்ல தலைவர் கிடையாது, எல்லாரும் சமம்’ என்று பெருமையாகச் சொல்கிற குழுக்களைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் தன் இயக்கத்தைப் பார்த்தே இதை எழுதினார். அமைப்பு வடிவம் இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, வெளியே தெரியாத வடிவம் உள்ள குழு மட்டும்தான் உண்டு என்பது அவருடைய வாதம். விதி எழுதப்படாத இடத்தில் நட்புதான் விதி. நம்ம ஊரில் அதை இப்படிப் பார்க்கலாம்: கூட்டம் நாலு மணிக்கு முடியும். ஆறு மணிக்கு நாலு ஆண்கள் டீக்கடையில் இருந்து அதை மறுபடி நடத்துவார்கள். அங்கேதான் நிஜத் தீர்மானம் வரும். அந்த நேரத்துக்குப் பெண் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். காலையில் வட்ஸ்அப் குரூப்பில் ‘எல்லாருமா யோசிச்சு முடிவெடுத்தோம்’ என்று விழும். இன்ன சாதிக்காரர் வீட்டில் கூட்டம் வைத்தால் இன்னார் உள்ளே வந்து டீ குடிக்க மாட்டார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் ‘நமக்குள்ள அதெல்லாம் இல்ல.’

கணக்குக் காட்டுவது சுலபம். 2017இன் 16ஆம் இலக்கச் சட்டத்தால் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கப்பட்டது. 2018 பெப்ரவரித் தேர்தலில் முதல் தடவையாக நடைமுறைக்கும் வந்தது. பெரிய வெற்றி, அதற்காகப் பாடுபட்ட பெண்கள் பலர். ஆனால் கதிரையை எண்ணுகிற சட்டம் இருக்கிறது, பேசிய நிமிஷத்தை எண்ணுகிற சட்டம் இல்லை. எந்தக் கூட்டத்திலும் ஒருத்தர் போனில் நேரத்தை வைத்துக்கொண்டு யார் எத்தனை நிமிஷம் பேசினார் என்று குறித்துப் பார்க்கலாம். செலவு ஒரு ரூபாவும் இல்லை. கடைசியில் அதைச் சத்தமாக வாசித்தால் போதும், அடுத்த கூட்டத்தில் சில அண்ணன்மாருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அப்ப எப்படித்தான் நடத்துவது என்று கேட்பீர்கள். எங்களிடம் மந்திரம் இல்லை, சில பிடிவாதங்கள் இருக்கின்றன. கேள்வி இரண்டு நாளைக்கு முன்னாலேயே போகவேண்டும், வீட்டில் பேசுகிற தமிழில், தேவையென்றால் சிங்களத்திலும். கூட்டத்தில் முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, யோசிக்க மட்டும்தான். 1968இல் ஜெர்மனியின் பேர்ன்ட் ரோர்பாக் ஒரு முறையை வெளியிட்டார். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிஷத்தில் மூன்று யோசனை, பிறகு தாள் பக்கத்து ஆளுக்குப் போகும், அவர் அதைப் பார்த்து இன்னும் மூன்று எழுதுவார். அரை மணித்தியாலத்தில் 108 யோசனை தாளில் இருக்கும், யாரும் யாருடைய வாயையும் பார்க்காமல்.

ஆனால் இதை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் இன்னொரு அநியாயம். எழுதச் சொன்ன நிமிஷமே எழுத்துப் பழக்கம் குறைந்தவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார்கள். அது ஒரு மரியாதையான பொய், அதைக் கிண்டக்கூடாது. அதற்குப் பதிலாக இரண்டிரண்டு பேராகப் பேசவிடலாம். ஒருத்தர் சொல்ல மற்றவர் எழுதலாம், பிள்ளை அம்மாவுக்காக எழுதாமல் பக்கத்து லயத்து ஆள் எழுதினால் இன்னும் நல்லது. தரையில் கோடு போட்டு, கல் வைத்துத் தோட்டத்தின் வரைபடம் செய்யலாம். வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பச் சொல்லலாம். ஊருக்கு வெளியே கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்கிற பிள்ளைகளிடமிருந்தும் அப்படித்தான் யோசனை வாங்க முடியும். அவர்கள் அனுப்புகிற காசில்தான் பல வீட்டின் கூரை நிற்கிறது, கூரையைப் பற்றிய கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவதில்லை.

பேச்சு தொடங்கும்போது வரிசை கீழிருந்து மேலே போகவேண்டும். இது ஒன்றும் புதுசு இல்லை. பழைய யூதச் சட்ட நூலான மிஷ்னா, உயிர்த்தண்டனை வழக்குகளில் ஓரத்தில் அமர்ந்திருக்கும் இளையவர்களிடமிருந்துதான் கருத்துக் கேட்கத் தொடங்கவேண்டும் என்கிறது. பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவர் வாய் திறக்கமாட்டார் என்பதை அவர்கள் எப்போதோ புரிந்து வைத்திருந்தார்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். துரை அந்த நேரத்தில் அறையிலேயே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. விமர்சனம் வேண்டாம் என்ற ஒஸ்போர்னின் விதியையும் நம்ம ஊருக்கு ஏற்றபடி விரிக்க வேண்டும். இங்கே விமர்சனம் வாயால் வருவதில்லை. ஒரு ‘ம்ச்’, ஒரு சிரிப்பு, போனை எடுத்துப் பார்ப்பது, ‘தங்கச்சி, நீங்க சொல்றது சரிதான், ஆனா…’ என்ற இழுவை. கூட்டம் நடத்துபவர் இதைக் கண்ட இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தத் தைரியம் இல்லாதவர் நடத்த வரக்கூடாது. நடத்துகிற ஆளும் ஒவ்வொரு தடவையும் மாறவேண்டும், மார்க்கரும் கை மாறவேண்டும். சொன்னவர் சொல்லையே எழுதவேண்டும், ‘கக்கூசு’ என்றால் கக்கூசு, ‘சுகாதார வசதிகள்’ அல்ல.

இரண்டு எதிர்ப்புகள் எப்போதும் வரும். ஒன்று, ‘இப்படிச் செஞ்சா நேரம் போகும்.’ போகும்தான். ஆனால் யாருக்கும் வேண்டாத இடத்தில் கட்டி, பூட்டிக் கிடக்கிற பொது மண்டபங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரக் கணக்குப் பேசுங்கள். மற்றது, ‘சந்தர்ப்பம் குடுத்தாலும் அவங்க பேசமாட்டாங்க, வெக்கம்.’ இதைக் கேட்டால்தான் எங்களுக்கு உண்மையில் கோபம் வரும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்துப் போட்டால் அந்த அக்காவின் வெட்கத்தைப் போய்ப் பாருங்கள். பீலிக்கரையில், கோயில் திருவிழாவில், சீட்டுக் கணக்கில் அவர்கள் பேசாத பேச்சா? பேசத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். பேசினால் ஒன்றும் நடக்காது, சிலவேளை பேசியதற்காக வேலை மலையே மாறும் என்று தெரிந்து வைத்திருக்கிறவர்கள். அது வெட்கம் இல்லை, அனுபவம்.

வேறு விதமாக நடக்க முடியும் என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம். 2023இல், மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. முன்னோர் காட்டுவழியே நடந்து வந்த பாதையை நினைவுகூர்ந்த நடை அது. வழியில் தமிழ், சிங்கள, முஸ்லிம் ஊர்களில் ஆட்களோடு பேசிப்பேசித்தான் வந்தார்கள். காணி, வீடு, சம்பளம், மொழி பற்றிய கோரிக்கைகள் அந்த நடையோடு சேர்ந்தே வந்தன. நடக்கும்போது மேடை இல்லை. பக்கத்தில் யார் நடக்கிறாரோ அவரோடுதான் கதை. அதில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோரிக்கை எங்கிருந்து பிறக்கலாம் என்பதற்கு, ஏசி போட்ட மண்டபத்தின் சுருட்டிய தாள்களைவிட அது நல்ல சாட்சி.

கடைசியாக அந்தத் தாள்கள். கூட்டம் முடிந்ததும் சுருட்டி, இறப்பர் பட்டி போட்டு, வாகனத்தின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறார்களே, அவை எங்கே போகின்றன? சனங்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பி வாசித்துக் காட்டிய கூட்டம் எத்தனை? இன்ன யோசனையை எடுத்தோம், இன்னதை விட்டோம், விட்டதற்கு இதுதான் காரணம் என்று யார் வந்து சொன்னார்கள்? அடுத்த தடவை உங்கள் தோட்டத்துக்கு, உங்கள் ஊருக்கு, ‘உங்கட யோசனைகளைக் கேக்க வந்திருக்கோம்’ என்று யாராவது வந்தால், வருகைப் பதிவுத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழும்பிக் கேளுங்கள்: போன தடவை நாங்க சொன்னது எங்க சேர்? இந்தக் கூட்டத்தோட அறிக்கை தமிழில எப்ப வரும், யார் கொண்டுவந்து வாசிப்பாங்க, திகதியைச் சொல்லிட்டுத் தொடங்குறீங்களா?